இறகு முளைத்த ஞாயிற்றுக்கிழமைகள்

மெக்கானிக் கறி சாப்பிடுவதை நிறுத்திய ஒன்பதாம் நாள், அவருடைய அக்கா வீட்டு மேசையில் வறுத்த கோழிக்கு இறகு முளைத்தது. ஞாயிற்றுக்கிழமை, மதியம் மணி ஒன்றேகால். முதலில் தோலில் கறுப்புப் புள்ளிகள், பிறகு ஈரத் தூவல், பிறகு எண்ணெய் சொட்டும் முழு இறகு. அக்கா புருஷன் அப்போது ஒரு துண்டை மென்றுகொண்டிருந்தார். அவர் பல்லிடுக்கிலிருந்து எதை உருவினார் என்று விவரமாக எழுத வேண்டாம். படிப்பவர்களும் சாப்பிட வேண்டியவர்கள்தானே.

மெக்கானிக் பழுது பார்ப்பது கறிக்கடைகளின் ஃப்ரீசர் அறைகளை. அந்தக் கோடையில் ஒரு கடையில் கம்ப்ரசர் எரிந்து, நாலு நாள் கழித்து இவரைக் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தார். கொக்கியில் தொங்கியதெல்லாம் புழுத்து நெளிந்துகொண்டிருந்தது. தரையில் தேங்கியிருந்த பச்சைக் கூழ் செருப்பைப் பிடித்து இழுத்தது. கம்ப்ரசரை மாற்றி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் வெளியே போய் வாந்தி எடுத்தார். தொழிலில் அவ்வளவு சுத்தம். அன்றிலிருந்து கறி வாசனை பட்டாலே அந்தக் கதவு மறுபடி திறந்தது. கொள்கையும் இல்லை, பாவபுண்ணியமும் இல்லை, வெறும் குமட்டல்.

ஆனால் ஊர் நம்பவில்லை. அவர் உட்கார்ந்த பந்தியிலெல்லாம் பொரித்த மீனில் செதில் ஏறியது, ஆட்டுக்கறியில் ஈர மயிர் வளர்ந்து குழம்பை உறிஞ்சியது. கருமம், அவர் வேலை பார்க்கும் கம்பெனி முதலாளி மகளின் பிறந்தநாள் விருந்தில் நாற்பது தட்டுகள் ஒரே நேரத்தில் முடி வெட்டும் கடை மாதிரி ஆகின. அவர் யாருக்கும் ஒரு வார்த்தை உபதேசம் செய்ததில்லை. இருந்தும் வைக்கோல்போர் நாய் என்று பெயர் வைத்தார்கள்; தானும் தின்னாது, தின்ன வருகிறதையும் விடாது என்று அர்த்தம். "உன்னத் தனியா உக்காரச் சொல்றேன்னு நெனச்சுக்காதப்பா, ஆனா தனியா உக்காந்து சாப்பிடு," என்றார் முதலாளி. ஒரு வருடத்தில் கல்யாணம், காதுகுத்து எதற்கும் அழைப்பு வரவில்லை. வேலைக்குப் போகும் இடத்தில் வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டே பீன்ஸும் சோறும் சாப்பிட்டார்.

அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். பெற்றோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கல்யாணமும் ஆகவில்லை. ஞாயிறு மதியம் அக்கா வீட்டு ஜன்னலோர நாற்காலி ஒன்றுதான் அவருக்கு மிச்சம், இருபது வருடமாக. அதற்கும் வந்தது வினை. "உன் தம்பியா, கறியா, ரெண்டுல ஒண்ண முடிவு பண்ணிடு," என்றார் அக்கா புருஷன். அவர் கெட்டவர் இல்லை, பசியில் இருந்தார். நாற்காலியைக் காப்பாற்ற மெக்கானிக் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். தொண்டைக்குள் அது சிறகடித்தது. அடுத்து மேசை விரிப்பு முழுக்க நாசம். குழந்தைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள்.

"இனி நான் வரலக்கா," என்று எழுந்தார்.

"உக்காருடா," என்றாள் அக்கா. தம்பியின் வாயைத் துடைத்துவிட்டாள், விரிப்பைச் சுருட்டி எறிந்தாள், உள்ளே போய்ப் புருவம் திருத்தும் இடுக்கியோடு வந்தாள். தன் தட்டிலிருந்த தொடைக்கறியை ஒரு கையில் பிடித்து, ஒவ்வொரு இறகாகப் பிடுங்கித் தட்டோரம் வைத்தாள். வழுக்கையானதும் கடித்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. "கடைக்காரன் ஒரு தடவ பிடுங்கினான். நாம இன்னொரு தடவ பிடுங்கினா கை தேஞ்சா போயிடும்?" என்றாள் புருஷனிடம். அவர் இடுக்கிக்குக் கை நீட்டினார்.

பதினோரு வருடமாக அந்த மேசையில் உப்புக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு இடுக்கி இருக்கிறது, ஆட்டுக்கறி நாளில் சவரக்கத்தியும். மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தன் பீன்ஸைச் சாப்பிடுகிறார். பிடுங்கிய இறகுகளை அக்கா சோப்புப் போட்டு அலசி, மாடியில் காயவைத்து, மதியத் தூக்கத்துக்கென்று தம்பிக்கு ஒரு தலையணை தைத்தாள். எத்தனை தடவை அலசியும் அதில் கோழிக்கொழுப்பும் மிளகும் நாறுகிறது.

"தலையணை மெத்துனு இருக்காடா?" என்று வாராவாரம் கேட்கிறாள்.

"நல்லா இருக்குக்கா," என்கிறார். வாயால் மூச்சு விட்டபடி, மூன்று மணி வரை தூங்குகிறார்.