அடித்துவிட்ட வரி

1

இந்தக் கதை ஓர் ஆஸ்பத்திரி வரிசையில் பிறந்தது என்று தொடங்கத்தான் முதலில் நினைத்தேன். பாதி உண்மை. அவளை மறுபடி பார்த்தது அங்கேதான். ஆனால் கதை பிறந்தது பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு நீதிமன்றத்தில், என் நோட்டில் இருந்த ஒரு வரியை நானே பேனாவால் அடித்த நிமிடத்தில். அதன் பிறகு எழுதிய கதைகளெல்லாம் அந்த வரியைத் தொடாமல் சுற்றிப் போன சுற்றுவழிகள். (வாக்கியம் அழகாக வந்துவிட்டது. அழகாக வந்தாலே எனக்குச் சந்தேகம். இருக்கட்டும்.)

அந்த நீதிமன்றத்தில் நான் சுருக்கெழுத்தாளன். கதை என்னுடையதல்ல, மொழிபெயர்ப்பாளராக இருந்த பெண்ணுடையது. என்னை ஓரமாக உட்காரவைக்கப் பார்க்கிறேன்.

2

முதல் தொடக்கம்:

சிறு வயதிலிருந்தே அநியாயத்தைக் கண்டால் பொங்கி எழுகிறவள் அவள். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை

[நிறுத்திவிட்டேன். அவள் அப்படிப்பட்டவளே இல்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைப் பஸ் தாண்டிவிட்டால் குரல் கொடுக்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள்.]

இரண்டாவது தொடக்கம். இது நிற்கும் என்று தோன்றுகிறது:

அவளுடைய அம்மா மலையில் பிறந்தவள். அப்பா சமவெளிக்காரர், தபால் பிரிப்பவர். மலைமொழி பேசுகிறவர்கள் எல்லாரும் எதையோ மறைக்கிறார்கள் என்று அரசு முடிவு கட்டியிருந்த காலம் அது. சுவருக்கும் காது உண்டு என்று அப்பா அந்த மொழியைக் கூடத்தில் பேசக் கூடாது என்றுவிட்டார். அம்மா அடுப்படியில், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில்தான் பேசுவாள். தலை வாரிவிடும்போது மகளின் காதோடு பேசுவாள். ஆகவே அவளுக்கு அந்த மொழி கிசுகிசுப்பாகவே வந்து சேர்ந்தது. உரக்கப் பேசினால் அது எப்படி ஒலிக்கும் என்றே அவளுக்குத் தெரியாது.

அந்த மொழியே அவளுக்கு வேலையும் வாங்கித் தந்தது. மலையிலிருந்து லாரி லாரியாக ஆட்களைப் பிடித்து வந்தார்கள். அவர்கள் பேசுவது நீதிபதிக்குப் புரியவில்லை. இருபத்து மூன்று வயதில் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்: "வாயக் குடுத்து மாட்டிக்காதம்மா."

3

கோர்ட்டில் அவளுக்கு வைத்த பெயர் 'குழாய்'. இந்தப் பக்கம் ஊற்றினால் அந்தப் பக்கம் வரும் என்று தலைமை எழுத்தர் விளக்கமும் சொன்னார். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்?

ஊற்றியதெல்லாம் வரக் கூடாது என்பதையும் முதல் வாரத்திலேயே அவர்தான் கற்றுக்கொடுத்தார். கூண்டில் நிற்கிறவன் "அடிச்சாங்க" என்றால், "உடல்நிலை சரியில்லை என்கிறார்." "மூணு நாளா தூங்கவிடல" என்றால், "களைப்பாக இருக்கிறார்." யாரும் இதை எழுதிக் கொடுக்கவில்லை. வாய் வார்த்தைதான். மூன்று வருஷம் அப்படியே செய்தாள்.

மொழிபெயர்க்கிறவர் அடுத்தவருக்காக 'நான்' என்றே பேச வேண்டும். நான் திருடவில்லை. நான் அந்த ஊருக்கே போனதில்லை. என் மனைவிக்கு நான் இங்கிருப்பது தெரியாது. காலையிலிருந்து முப்பது பேருக்கு நானாக இருந்துவிட்டு வீட்டுக்குப் போவாள். என்ன சாப்பிடுகிறாய் என்று அம்மா கேட்டால் "எனக்கு" என்று தொடங்கி நின்றுவிடுவாள்.

(இது எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்து நாற்காலிக்காரன் என்பதால் அவளே ஒருநாள் சொன்னாள். அப்போது என்னை 'அண்ணா' என்பாள்.)

4

அன்று கூண்டில் ஒரு பெயிண்டர். வீட்டுக்காரர் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னார், இவர் அடித்தார். சுவரில் நாட்டுத் தலைவரின் முகம் வரைந்திருந்தது. வீட்டுக்காரர் ஊரை விட்டே போய்விட்டார். வாளியும் கையுமாக நின்றவர் அகப்பட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஒப்புதல் வாக்குமூலத்தில் இருப்பது உன் கையெழுத்தா என்று நீதிபதி கேட்டார். அவள் மலைமொழியில் கேட்டாள். மற்றவர்கள் தரையைப் பார்த்து முனகுவார்கள். இவர் முனகவில்லை. சாரத்தின் மேல் நின்று கீழே இருப்பவர்களோடு பேசிப் பழகிய தொண்டை. அம்மாவின் மொழி அவ்வளவு பெரிய அறையை நிரப்பும் என்று அவள் அன்றுதான் கேட்டாள்.

"கையெழுத்து என்னுடையதுதான்" என்று மொழிபெயர்த்தாள்.

பொய் இல்லை. வாக்கியத்தின் முதல் பாதி அதுதான். நீதிபதி பக்கத்தைப் புரட்டினார். தலைமை எழுத்தர் அடுத்த வழக்குக் கட்டை எடுத்தார். அவள் உட்காரவில்லை.

இடிமுழக்கம் போன்ற குரலில் அவள்

[இல்லை. கீச்சென்று வந்தது. நடுவில் ஒருமுறை அறுந்து, மறுபடி வந்தது.]

"என் விரலை ஒவ்வொன்றாகப் பின்னால் மடக்கினார்கள். மூன்றாவது விரலுக்கு வந்தபோது கையெழுத்துப் போட்டேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"இது அவன் சொன்னதா, நீ சொல்றியா?"

"அவர் சொன்னதுங்க ஐயா." அதோடு நிறுத்தியிருந்தால் கண்டித்து விட்டிருப்பார்கள். அவள் நிறுத்தவில்லை. "இதுக்கு முன்னாடி நின்னவங்களும் சொன்னாங்க. நான்தான் சொல்லல."

அந்தக் கடைசி 'நான்' மட்டும் யாருக்காகவும் மொழிபெயர்த்தது அல்ல.

5

ஓரமாக உட்காரவைத்த ஆளை இனி அழைத்தாக வேண்டும்.

என் பேனா அதற்குள் எல்லாவற்றையும் எழுதி முடித்திருந்தது. நீதிபதி என் பக்கம் திரும்பி, "பதிவுல வேண்டாம்" என்றார். அடித்தேன். கோடு நேராகவே விழுந்தது. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

மறுவாரம் ஒரு தாள் வந்தது. 'குற்றவாளி சொல்லாததை மொழிபெயர்ப்பாளர் தானாகக் கூட்டிச் சொன்னார்' என்று தட்டச்சு செய்து, கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். எனக்கு மலைமொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. அவள் கூட்டினாளா குறைத்தாளா என்று சொல்ல எந்தத் தகுதியும் இல்லாதவன் நான். போட்டேன்.*

* எனக்கு அப்போது கைக்குழந்தை. அந்தக் காலத்தில் கையெழுத்துப் போட்ட எல்லோருக்கும் ஏதோ ஒரு கைக்குழந்தை இருந்தது.

அவளுக்கு வேலை போயிற்று, பதினொரு மாதம் சிறை. பார்வையாளர் அறையில் அரசு மொழியில் மட்டுமே பேசலாம் என்பது விதி. அவள் அம்மா முதல் மாதம் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, அறைக்கே கேட்கும்படி மலைமொழியில் மகளைக் கூப்பிட்டாள். வெளியே தள்ளினார்கள். அடுத்த மாதமும் போனாள், கூப்பிட்டாள், தள்ளினார்கள். பதினொரு தடவை.

பெயிண்டருக்கு ஆறு வருஷம். நான்காம் வருஷம் உள்ளேயே இறந்துபோனார்.

6

இப்போது ஆஸ்பத்திரி. ஆட்சி மாறி வெகுகாலம் ஆகிவிட்டது. மனைவியின் கண்ணைக் காட்டப் போயிருந்தேன். டாக்டருக்கும் ஒரு மலைக்கிழவருக்கும் நடுவில் நின்று, இரண்டு மொழியிலும் தாராளமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள் ஒருத்தி. கிழவர் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று டாக்டர் திட்டியதையும், டாக்டர் முகத்தைப் பார்த்தே பேசுவதில்லை என்று கிழவர் திட்டியதையும் ஒரு சொல் குறையாமல் மாற்றிக் கொடுத்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

உன்னைப் பற்றித்தான் ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை. கொடுங்கள் என்றாள். அடுத்த முறை கண்ணுக்கு மருந்து விடப் போனபோது, மேலே உள்ள ஐந்து பகுதிகளையும் கொடுத்தேன். மருந்தகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தாள். அவள் செய்த திருத்தங்கள் மூன்று. குரல் ஒருமுறை அல்ல, இரண்டு முறை அறுந்தது. பெயிண்டர் அவளைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார், நான் கவனிக்கவில்லை. அம்மா போனது பன்னிரண்டு தடவை, விடுதலையான அன்றும் வாசலில் நின்று கூப்பிட்டாள்.

பிறகு தாள்களைத் தட்டி அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க சார்." அண்ணா இல்லை. "ஒண்ணு கேக்கலாமா? இத்தன பக்கம் எழுதினதுக்கு, ஒரு பக்கம் எழுதியிருக்கலாமே."

எதைச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்தது, பேப்பரில் பார்த்திருந்தேன். பழைய தீர்ப்புகளை மறுபடி பார்க்க ஓர் அலுவலகம் திறந்திருக்கிறார்கள். பெயிண்டரின் மகள் அங்கே மனு போட்டிருக்கிறாள். அப்பா குற்றவாளி என்றே இன்னும் பதிவில் இருக்கிறது. இவள் பொய்யாக மொழிபெயர்த்தவள் என்றே இருக்கிறது. நீதிபதி செத்துப்போனார், தலைமை எழுத்தரும். அன்று அந்த வரி சொல்லப்பட்டது என்று சொல்ல இவளைத் தவிர உயிரோடு இருப்பது நான் ஒருவன். மனுவோடு சாட்சியின் வாக்குமூலத்தை இணைக்க வருகிற புதன்கிழமை கடைசி நாள்.

"நான் சொன்னா, தனக்காகச் சொல்றான்னுடுவாங்க. நீங்க அந்த வரிய அடிச்ச ஆள். நீங்க சொன்னா நிக்கும்." எழுந்து, உள்ளே யாரோ கூப்பிட்ட பக்கம் போய்விட்டாள்.

7

முடிவுகள். ஒன்று: அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மன்னிக்கணும் ஐயா, இந்த வரிய அடிக்க மாட்டேன்" என்றான். (ஆறு முறை எழுதிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. நடக்கவில்லை.) இரண்டு: அவள் அவனை மன்னித்தாள். (அதை எழுத நான் யார்? ஏற்கனவே ஒருமுறை அவளைப் பற்றிய பொய்க்குக் கையெழுத்துப் போட்டவன்.) மூன்று: திங்கட்கிழமையே அவன் அந்த அலுவலகத்துக்குப் போய், படிவத்தை வாங்கி

[இதையும் விட்டுவிடுகிறேன். கதைக்குள் கையெழுத்துப் போடுவது மிகவும் சுலபம். போட்டுவிட்டால் மனசு ஆறிவிடும். ஆறிய மனசோடு புதன்கிழமை வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.]

இன்று திங்கள். படிவம் வாங்கியாகிவிட்டது, அதுவரை உண்மை. ஒரு பக்கம்தான். அதில் 'நீங்கள் அப்போது என்ன செய்தீர்கள்' என்று ஒரு கேள்வி. அதற்கு நாலு கோடு இடம் விட்டிருக்கிறார்கள். என் மகன் அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டு, இது என்னப்பா என்று கேட்டான். சும்மா, கதைக்காக என்றேன்.

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் இதை வாசிக்கும்போது அந்தப் புதன்கிழமை போயிருக்கும். அந்த அலுவலகத்தின் பதிவேட்டை யாரும் கேட்டுப் பார்க்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. போங்கள். பெயிண்டரின் மகள் போட்ட மனு என்று கேளுங்கள். எடுத்துத் தருவார்கள். அதற்குப் பின்னால் இன்னொரு தாள் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள்.