லோரிமர் கடையின் நாக்கு

கண்டியில் லோரிமர் துரையின் கடையில் எனக்குச் சரக்கறைக் கணக்கு எழுதும் ஸ்டோர் கிளாக்கர் என்று பெயர். செய்த வேலை வேறு. சீமையிலிருந்து வரும் பியரையும் ஸ்டவுட் என்ற கறுப்புப் பியரையும் ருசி பார்த்து, இது விற்கலாம், இது கூடாது என்று சொல்வதுதான் என் வேலை. துரைக்கு விஸ்கியைத் தவிர மற்றதெல்லாம் தண்ணீர். அதை அவரே ஒத்துக்கொள்வார். ஆகவே இருபத்திரண்டு வருஷமாக என் நாக்கை நம்பித்தான் கடை நடந்தது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் துரைமாருக்கு மரியநாயகம் என்ற என் பெயர் தெரியாது. 'லோரிமர் கடை நாக்கு' என்றால் தெரியும். அதில் எனக்குத் தலைக்கனம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

ருசி பார்ப்பதென்றால் குடித்துக் கிடப்பது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். கோயிலில் சிலர் என்னைக் கண்டால் "கொடுத்துவச்ச மனுஷன்" என்று கண்ணைச் சிமிட்டுவார்கள். காலை பத்து மணிக்கு, வெறும் வயிற்றில் நாலு வகைக் கறுப்பு ஸ்டவுட்டை வகைக்கு இரண்டு வாய் பார்த்துவிட்டு, பிறகு மாலை வரை நிமிர்ந்து நின்று வேலை செய்யச் சொன்னால் தெரியும் அந்தக் கொடுப்பினை.

அதிலும் ஓட்மீல் ஸ்டவுட் ஒரு தனிச் சாதி. கருக வறுத்த பார்லியோடு ஓட்ஸையும் சேர்த்து வடிப்பார்கள். கிளாஸைச் சாய்த்து மெல்ல ஊற்ற வேண்டும். நுரை வெள்ளையாக இருந்தால் சரியில்லை. பால்கோப்பி நிறத்தில் எழும்பிச் சற்று நேரம் நிற்க வேண்டும். ஜன்னலுக்கு நேரே பிடித்தால் நடுவில் முழுக் கறுப்பு, ஓரத்தில் மட்டும் சிவப்பு. மணத்தில் வறுத்த கோப்பியும் கருகின பாண் ரொட்டித் தோலும் கொஞ்சம் கருப்பட்டியும் இருக்க வேண்டும். வாயில் விட்டால் ஓட்ஸின் வழவழப்பு நாக்கை மூட வேண்டும். கடைசியில் விழுங்க வேண்டும். இதன் கசப்பு அடிநாக்கிலும் தொண்டையிலும்தான் வரும். வந்து, கொஞ்சம் நின்று, சுத்தமாகப் போய்விட வேண்டும். வைனைத் துப்பிப் பார்க்கலாம். ஸ்டவுட்டை விழுங்காமல் பார்த்தால் பாதி பார்த்த மாதிரிதான். இதை நானே ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவன். 1932ஆம் ஆண்டுத் தபசுகால நோன்பில், தெரிந்திருந்தும் நானே விழுங்காமல் விட்டேன்.

காரணம் என் மகள் றீற்றா. ஹந்தானையில் கிளாக்கராக இருக்கும் வில்பிரட்டுக்குக் கட்டிக்கொடுத்தோம். தலைப்பிரசவத்துக்குக் கண்டிக் கட்டுக்கலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சாம்பல் புதனன்று தொடங்கிய வலி வெள்ளிக்கிழமையாகியும் முடியவில்லை. டொக்டர் வெளியே வந்து, "சாமியை வேண்டிக்கொள்ளுங்கள்" என்றார். நான் அந்தோனியார் கோயிலுக்கு ஓடினேன். தாயையும் பிள்ளையையும் உயிரோடு கொடுத்தால், ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் வரைக்கும் ஒரு துளி மதுவும் என் தொண்டைக்குக் கீழே இறங்காது என்று முழங்காலில் நின்று நேர்ந்தேன். திரும்பி வரும்போது வாசலிலேயே பிள்ளை அழும் சத்தம் கேட்டது. பெண் பிள்ளை. நேர்த்தியை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். மனைவி தெரேசாவிடம்கூட நான் மூச்சு விடவில்லை.

வேலைக்கு என்ன செய்வது? தொண்டைக்குக் கீழே என்றுதானே நேர்ந்தேன், வாய்க்குள் என்று நேரவில்லையே. ஆண்டவரிடமும் கிளாக்கர் புத்தியைக் காட்டினேன். ஸ்டோரில் ஒரு பித்தளைப் படிக்கத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, வாயில் விட்டுப் பார்த்துத் துப்பத் தொடங்கினேன்.

மார்ச் மூன்றாம் தேதி கண்டி ஸ்டேஷனில் ஓட்மீல் ஸ்டவுட் நாற்பது பெட்டி வந்து இறங்கியது. துரை முதல்தடவையாக வாங்கும் ஒரு சீமைக் கம்பெனியின் சரக்கு. மூன்று போத்தல் திறந்தேன். நுரை நின்றது, நிறம் சரி, மணம் சரி, வழவழப்பு பிரமாதம். மூன்றையும் படிக்கத்தில் துப்பிவிட்டு, நல்ல சரக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சரக்கில் குறை இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் கொழும்பு ஏஜண்டுக்கு அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு வாய் திறக்க முடியாது. இருபத்தோராம் நாள் பாஸ்குக்கு முந்தின பெரிய வியாழன். அன்று காலை எட்டு மணிக்குத்தான் பாஸ்குக் கொண்டாட்டத்துக்காகத் துரைமார் கிளப்புக்கும் பங்களாக்களுக்கும் லொறி ஏற்றுவதாக ஏற்பாடு. ஆறு பெட்டி ஆஸ்பத்திரிக்கு, பிள்ளை பெற்ற பெண்களுக்கு. அந்தக் காலத்தில் ஓட்மீல் ஸ்டவுட் இரத்தம் ஊறவும் பால் சுரக்கவும் நல்லது என்று டொக்டர்மாரே எழுதிக் கொடுப்பார்கள்.

றீற்றாவுக்கும் அப்படித்தான், நாளுக்கொரு சின்னப் போத்தல் என்று டொக்டர் எழுதியிருந்தார். அந்தச் சரக்கிலிருந்தே இரண்டு டசனை நான் வீட்டுக்கு அனுப்பினேன். அப்பா பார்த்து எடுத்தது என்று தெரேசாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

பெரிய வியாழனுக்கு முதல் நாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். குசினிக்குப் பின்னால் றீற்றா நின்று, போத்தலை வாழையடியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யிற?" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினாள். "குடிக்க முடியலப்பா."

"ஏன் முடியல? டொக்டர் குடுத்த மருந்து."

"வாயில நல்லாத்தான் இருக்கு. வழவழன்னு போகுது. முழுங்கின பொறவுதான், அடிப்பிடிச்ச கஞ்சி மாதிரி தொண்டையில வந்து நிக்குது. பொழுது சாயிற வரைக்கும் போகமாட்டேங்குது."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "இருவத்திரெண்டு வருஷமா இதப் பாக்குறவன் நான். போத்தல் தொறந்து பாத்துக் கையெழுத்துப் போட்டது நான். போன மாசம் வரைக்கும் ஸ்டவுட்டு சேப்பா கறுப்பான்னு தெரியாது ஒனக்கு. நீ எனக்குக் குத்தம் சொல்ல வந்துட்டியா? பிள்ளைக்குப் பால் பத்தலன்னு ஒங்கம்மா பொலம்புறா. நீ மருந்த வாழைக்கு ஊத்துற. வாழையா பால் குடுக்கப்போகுது?"

அவள் கண் கலங்கிவிட்டது. எதிர்த்துப் பேசுகிற பிள்ளை அல்ல அவள். போத்தலை வாழையடியில் நிமிர்த்தி வைத்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டாள்: "நீங்க முழுங்கிப் பாத்தீங்களாப்பா?"

தெரேசா போட்டுவைத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினேன்.

போகும் வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பிள்ளை பெற்ற உடம்பு, வாய் கசக்கத்தான் செய்யும். ஸ்டோருக்குப் போய், பெட்டி கட்டுகிற காளிமுத்துவைக் கூப்பிட்டு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க ஐயா."

"முழுங்கின பொறவு தொண்டையில ஏதாச்சும் நிக்குதா?"

காளிமுத்து கிளாஸின் அடியைப் பார்த்தான். "இன்னும் ஒரு கிளாஸ் குடிச்சாத்தாங்க சொல்ல முடியும்."

அவனிடம் கேட்டது என் புத்தி. அவனுக்கு எது கொடுத்தாலும் நல்லாத்தான் இருக்கும்.

மறுநாள் ஏழு மணிக்கே ஸ்டோரைத் திறந்தேன். லொறி வர ஒரு மணி நேரம் இருந்தது. பேசாமல் இருந்துவிடலாம் என்ற நினைப்பும் வந்தது, மறைக்க மாட்டேன். துரைமார் சுருட்டோடும் பெருங்கதையோடும் குடிப்பவர்கள். பாதிப் பேருக்குத் தெரியப்போவதில்லை. தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. ஐம்பது வயதில் வேலை போனால் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்? ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆறு பெட்டியும் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தன. அவற்றைக் குடிக்கப்போகிறவர்களும் றீற்றா மாதிரிப் பெண்கள்தான். மகள் சொன்னாள் என்று துரையிடம் போய் நிற்கவும் முடியாது. ஒரு தடவை முழுதாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாயிற்று. இரண்டாம் தடவையும் பார்க்காமல் பேச எனக்கு மனம் வரவில்லை.

விழுங்கத்தான் வேண்டும். பாஸ்குக்கு மூன்று நாள் இருந்தது. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நான் பயந்த பயம் ஆண்டவருக்குத்தான் தெரியும். கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வாரோ என்று பயந்தேன். பேத்தியின் முகம் வந்து வந்து போனது. "என்னைப் பிடியும், அதுகளை விட்டுவிடும்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு ஒரு வாய் விழுங்கினேன்.

வாயில் ஒரு குறையும் இல்லை. இறங்கின பிறகு, மூன்று எண்ணுவதற்குள், தொண்டையடியிலிருந்து கருகல் ஏறியது. பார்லியின் கருகல் வேறு, அது வந்து போய்விடும். இது சட்டியில் அடிப்பிடித்த கஞ்சி. றீற்றா சொன்ன அதே சொல்தான், அதைவிடச் சரியான சொல் இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒன்றும் கண்டுபிடித்திருக்கவில்லை. வேறு இரண்டு பெட்டியிலும் ஒவ்வொரு போத்தல் திறந்து விழுங்கிப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுதான்.

துரை வந்ததும் வராததுமாகப் போய் நின்றேன். அவர் பேசுவது ஆங்கிலம், நான் தமிழில் எழுதுகிறேன்.

"லொறியை நிறுத்த வேண்டும், சேர். ஓட்ஸைக் கருகவிட்டு வடித்திருக்கிறார்கள். நாற்பது பெட்டியும் கூடாது."

"நல்ல சரக்கு என்று உன் கையெழுத்து இருக்கிறதே."

"விழுங்காமல் போட்ட கையெழுத்து, சேர்."

ஏன் என்று கேட்டார். பிரசவம், நேர்த்தி, படிக்கம் எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே சொல்லாத நேர்த்தியை முதன்முதலாக ஒரு வெள்ளைக்காரனிடம், அதுவும் எங்கள் கத்தோலிக்கச் சபையில் இல்லாத வேறு சபைக்காரனிடம் சொல்ல வேண்டி வந்தது. அவர் சிரிக்கவில்லை, சத்தம் போடவுமில்லை. கொழும்பு ஏஜண்டுக்குத் தந்தி எழுதச் சொல்லி, அதை அவரே வாங்கித் தந்தி ஆபீசுக்கு ஆள் அனுப்பினார். லொறியைத் திருப்பினார். எனக்கு உயிர் வந்தது.

பிறகு சொன்னார்: "மரியநாயகம், நீ நேர்மையானவன். ஆனால் வாய்க்கும் தொண்டைக்கும் நடுவில் கடவுளை வைத்திருக்கிற ஆளை நான் ருசி பார்க்க வைத்திருக்க முடியாது. திங்கட்கிழமையிலிருந்து நீ முன்கடையில் நில். பிஸ்கட்டும் ஜாமும் பார்."

சரி சேர் என்றேன். வேறென்ன சொல்வது? அவர் சொன்னதில் பிழை இல்லை. ஸ்டோர் சாவியை மேசையில் வைத்தேன். லோரிமர் கடையின் நாக்கு அன்றோடு முடிந்தது.

வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினேன். முதலில் தொட்டிலைத்தான் பார்த்தேன். பேத்தி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள், மூச்சு சீராக இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. அதற்குப் பிறகுதான் கதிரையில் உட்கார்ந்தேன்.

றீற்றா பயந்துபோய் வந்தாள். "என்னப்பா, இந்த நேரத்தில?"

"நீ சொன்னது சரி. அடிப்பிடிச்சுத்தான் இருக்கு. நான் முழுங்காமப் பாத்துட்டேன்." நேர்த்தியையும் சொன்னேன், அன்று காலை அதை முறித்ததையும் சொன்னேன். சாவியைக் கொடுத்ததை மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

"எனக்காகவா நேந்தீங்க?" என்று கேட்டாள். பிறகு, "மொதப் போத்தல்லயே தெரிஞ்சிச்சுப்பா" என்றாள்.

"அப்ப எத்தன போத்தல் குடிச்ச?"

"மூணு நாளாத்தான் ஊத்துனேன். அதுக்கு முன்ன பதினஞ்சு."

"கூடாதுன்னு தெரிஞ்சுமா?"

"கூடாதுன்னு எங்க தெரிஞ்சிச்சு? நீங்க பாத்துக் கொண்டாந்தது. அதுல கொற இருக்காதுல்ல. என் தொண்டையிலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன்."

கடையில் சாவியை வைக்கும்போது வராத அழுகை அப்போது வந்தது. மகள் முன்னால் அழக் கூடாது என்றெல்லாம் தோன்றவில்லை. என் நாக்கை நம்பிக் குடித்த துரைமார் எத்தனையோ பேர். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் மறுநாளே போத்தல் கடைக்குத் திரும்பி வரும். பிடிக்காமலே பதினைந்து நாள் விழுங்கினவள் இவள் ஒருத்திதான்.