டிரெவரின் வாய்க்குள்

டிரெவர் பாஸ்கோ தன் மனைவியைக் கன்னத்தில் அறைந்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது பெங்குவின் என்ற எங்கள் கடலோர ஊரில் யாரும் நம்பவில்லை. வாழ்நாளெல்லாம் சிங்கி இறால் படகு ஓட்டியவர். கடலைத் தவிர வேறு எதையும் அவர் திட்டி நாங்கள் கேட்டதில்லை.

பக்கவாதத்துக்குப் பிறகு அவரிடம் மிஞ்சியது ஒரே சொல்தான்: "ஆமா." டீ வேண்டுமா என்றாலும் ஆமா, வேண்டாமா என்றாலும் ஆமா. முதியோர் இல்லத்தில் சேர்ந்த இரண்டாவது குளிர்காலத்தில் ஸ்பூனைத் தட்டிவிட ஆரம்பித்தார். குளிப்பாட்ட வந்த பெண்ணை உதைத்தார். அப்புறம்தான், ஆப்பிள் கூழ் ஊட்டிக்கொண்டிருந்த மனைவி டோரீனுக்கு அந்த அறை விழுந்தது.

"எங்கயாவது வலிக்குதா, கிழவா?" கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டார் டோரீன்.

"ஆமா."

"முழங்காலா?"

"ஆமா."

"என்னை வித்துட்டு ஒரு படகு வாங்கிக்கிறியா?"

"ஆமா."

நர்ஸ் ஜோ சிரித்துவிட்டாள். பிறகு டோரீனின் தோளைத் தொட்டு, "மூளை தேய ஆரம்பிச்சிருக்கும், டோரீன். அமைதிப்படுத்துற மாத்திரையைக் கூட்டிப் பார்க்கலாம்னு டாக்டர் சொல்றாரு" என்றாள்.

கூட்டினார்கள். டிரெவர் நாற்காலியில் சரிந்து கிடந்தார். ஆனால் ஸ்பூன் உதட்டில் பட்டால் மட்டும் கை எழுந்தது. சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடும்படி இளைத்துப்போனார். பூட்டிய கதவுள்ள வேறு இல்லத்துக்கு மாற்றிவிடுவது என்று முடிவானது.

அவர் துணிகளை டோரீன் மடித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் இல்லத்தில் சிலரின் பல்லைப் பார்க்கப் பல் டாக்டர் நிக்கோலா வந்தாள்.

"இவர் வாயைக் கடைசியா யாரு பார்த்தது?"

"அவர் செட்டுப் பல்லுதானே போட்டிருக்காரு?" என்றாள் ஜோ.

"செட்டு எனக்குத்தாம்மா," என்றார் டோரீன். "எங்கப்பா குடுத்த கல்யாணப் பரிசு. இருந்த நல்ல பல்லையெல்லாம் புடுங்கிட்டு புது செட்டு. பின்னால புருஷனுக்குச் செலவு வைக்கக் கூடாதாம்! அப்ப எனக்கு இருபது வயசு. இவருக்கு அத்தனையும் சொந்தப் பல்லு. பீர் மூடியை அதாலயே திறப்பாரு."

நிக்கோலா அவசரப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து டிரெவரின் தாடையை மெல்ல நீவிக்கொண்டே இருந்தாள். வாய் திறந்தது.

முதலில் வந்தது நாற்றம். மீன் இரை வைத்த பெட்டியை வெயிலில் மறந்துவிட்டதுபோல. ஜோ பின்வாங்கினாள். டார்ச் வெளிச்சத்தில் பற்கள் இல்லை; ஈறோடு ஒடிந்த கறுத்த முளைகள்தான் இருந்தன. பின்னால் ஒரு பக்கம் சீழ் கட்டித் திராட்சை அளவு வீங்கியிருந்தது. ஒடிந்த விளிம்பு ஒன்று நாக்கை அறுத்துப் புண்ணாக்கியிருந்தது.

டோரீன் எட்டிப் பார்த்தார். "இது இவரு வாயே இல்ல," என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"இவருக்கு மட்டும்தான் இப்படியா?" என்று நிக்கோலாவிடம் கேட்டார்.

"காலையிலேருந்து பார்த்தவங்கள்ல பாதிப் பேருக்கு மேல சொத்தைதான். ஃபிஜியில வேலை பார்த்தேன், லண்டன்ல பார்த்தேன், எங்க போனாலும் வயசானவங்க வாயில இதுதான். ஈறு இறங்கி வேர் வெளிய வந்துடும். மாத்திரை எச்சிலை வத்த வச்சிடும். தேய்ச்சுவிட ஆள் இருக்காது. ரொம்ப சாதாரணம். அதனாலயே யாரும் திறந்து பார்க்கறதில்ல."

"சாதாரணமா?" டோரீன் கட்டிலிலிருந்து எழுந்தார். "வலிக்குதுன்னு சொல்லத் தெரியாம அடிச்சிருக்காரு மனுஷன். அதுக்கு மாத்திரை போட்டு அமுக்கி வச்சோம். சாதாரணமாம்!"

ஜோ ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய ஓடினாள்.

பக்கத்து ஊரான பர்னியின் ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து எல்லா வேர்களையும் எடுத்தார்கள். வீக்கம் வடிந்ததும் டிரெவர் ஒரு பகல் முழுக்கத் தூங்கினார். எழுந்து ஒரு கிண்ணம் பூசணி சூப் குடித்தார். காலிக் கிண்ணத்தை டோரீனின் பக்கம் தள்ளினார். இன்னொரு கிண்ணம் வந்தது. அவர் யார்மேலும் கை ஓங்கவில்லை. மாத்திரையைக் குறைத்தார்கள். இடம் மாற்றும் பேச்சும் நின்றது.

எல்லோரும் டோரீனின் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். அவருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அன்று சாப்பாட்டு அறையில் எதிரே மேவிஸ் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, யாரையும் தொந்தரவு செய்யாதவர்; அதனாலேயே பல் டாக்டரிடம் அவரை யாரும் காட்டவில்லை. ரொட்டியை டீயில் ஊறவைத்து, ஒரு பக்கமாக ஒதுக்கி விழுங்கிக்கொண்டிருந்தார்.

"மேவிஸ், கொஞ்சம் வாயைத் திறயேன்."

"என்னடி இது, சாப்பிடுற நேரத்துல?" என்று சிரித்தபடியே திறந்தார் மேவிஸ்.

டோரீன் பார்த்தார். உள்ளே அதே கறுப்பு, அதே முளைகள்.

"வலிக்கலையா உனக்கு?"

"வலிக்கும்தான். வயசானா வலிக்கத்தானே செய்யும்?"

டோரீன் சுவரிலிருந்த, நர்ஸைக் கூப்பிடும் மணியை அழுத்தினார். ஜோ ஓடி வந்து கையைப் பிடிக்கும்வரை விரலை எடுக்கவே இல்லை.