உண்ணாமலைக்கு வந்த ஒரே வார்த்தை

பக்கவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போன உண்ணாமலை, ஐந்து மாதம் கழித்து முதன்முதலாகச் சொன்ன வார்த்தை "பாபு". பாபு ஒரு நாய். நோயாளிகளுக்கு ஆறுதலாக இருக்கப் பழக்கிய லாப்ரடார். வாராவாரம் அதைப் பொன்னமராவதியில் உண்ணாமலை வீட்டுக்குக் கூட்டிவருபவள் சோபியா. வந்ததும் அது உண்ணாமலையின் மடியில் தாடையை வைத்து, அவள் தடவத் தடவக் கண்ணைச் சொருகும். அவளும் "பாபு, பாபு" என்று சிரிப்பாள்.

"விட்டுறாதீங்க ஐயா. இந்த ஒரு வார்த்தையப் பிடிச்சுக்கிட்டே மத்த பேச்சும் வந்துரும்," என்றாள் சோபியா.

கேட்டு மகிழவேண்டிய புருஷன், பாத்திரக்கடை ஆவுடையப்பனுக்கோ வயிறு எரிந்தது. மலம் அள்ளுவது அவர், கஞ்சி ஊட்டுவது அவர். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று கல்யாணமான நாளிலிருந்து அவரை "இங்கேருங்க" என்றே கூப்பிட்டவள், இப்போது ஓர் ஆம்பளைப் பெயரை வாய்நிறையச் சொல்கிறாள். பார்க்கவந்த அவள் தம்பி ஆண்டியப்பன் வேறு, "என்ன மச்சான், அக்காவுக்கு ஒங்களவிட பாபுதான் ஒசத்தி போல" என்று நாலு பேர் முன்னால் சிரித்துவிட்டுப் போனான். கேலியைக் கேலியாக விடத் தெரியாத ஜென்மம் ஆவுடையப்பன்.

அடுத்த முறை, சோபியா போன் பேச வாசலுக்குப் போன நேரம் பார்த்து, அவர் ஒரு முள்கரண்டியை எடுத்து மனைவியின் செத்த கையில் அழுத்தி இழுத்தார். எப்படியும் வலிக்காது என்று நியாயம் வேறு. வலிக்கவில்லைதான். ஆனால் உண்ணாமலை பார்த்துக்கொண்டிருந்தாள். பாபு பாவம், எழுந்து ரத்தத்தை நக்கிவிட்டது.

"ஐயோ, நாய் கடிச்சுருச்சு!" என்று கத்தினார் ஆவுடையப்பன்.

ஓடிவந்த சோபியா பாபுவின் வாயில் ரத்தத்தைப் பார்த்தாள். இருந்தும் மனசு ஒப்பவில்லை. மண்டியிட்டு, "அம்மா, நீங்க சொல்லுங்க. யாரு பண்ணுனது?" என்று கேட்டாள்.

உண்ணாமலை புருஷனைப் பார்த்தாள். முகம் கோணி, கழுத்து நரம்பு புடைக்க, தன்னிடம் இருந்த ஒரே வார்த்தையை வெளியே தள்ளினாள்.

"பாபு."

கூப்பிட்டாள் என்று நினைத்து அது வாலாட்டிக்கொண்டு வந்தது. சோபியா அழுதுகொண்டே வாரைப் பிடித்து இழுத்துப் போனாள். கடித்த நாய்க்கு இனி எந்த நோயாளி பக்கத்திலும் இடமில்லை. அன்றிலிருந்து உண்ணாமலையும் பேச வாயைத் திறக்கவில்லை.

நாய்க்கடி ஊசியைக்கூட ஆவுடையப்பன் மனைவிக்கு ஒன்று விடாமல் போடவைத்தார். கொஞ்ச நாள் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் வீட்டின் அமைதி அவரைப் பிடுங்கித் தின்றது. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏதாச்சும் பேசு உண்ணாமலை. என்னையத் திட்டவாச்சும் செய்யி," என்று கெஞ்சினார்.

உண்ணாமலை இடக்கையால் தன் வலக்கையைத் தூக்கினாள். தழும்பு மேலே தெரியும்படி புரட்டி, அவர் மடியில் வைத்தாள்.