சத்தமாச் சொல்லு

கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் நகாமுராவின் காபிக்கடைக்குள் செல்போனோடு நுழைந்தால், மனுஷர் குனிந்து வணங்கி அதை அணைக்கச் சொல்வார். ஜப்பானில் அவர் அப்பா நடத்திய கடை எப்படியோ, இதுவும் அப்படியே. கண்ணாடிக் குடுவைக்கு அடியில் விளக்கேற்றி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காபி இறக்குவார். அதற்குள் வேறு கடையில் குடித்துவிட்டு வீட்டுக்கே போய்விடலாம். ஆனாலும் கூட்டம் குறைந்ததில்லை. யாரும் அங்கே உரக்கப் பேசுவதில்லை, அந்தச் சுகத்துக்காகத்தான் வந்தார்கள்.

அவருக்குப் பின்னால் ஓர் அலமாரி. அதில் வாடிக்கையாளர்களின் சொந்தக் கோப்பைகள் இருக்கும். நாமாகக் கேட்டால் இடம் கிடைக்காது. "உங்கள் கோப்பையைக் கொண்டு வாருங்கள்" என்று அவராகச் சொல்ல வேண்டும். பக்கத்து சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸிபா, அவர் அப்படிச் சொன்ன அன்று கிரீன் கார்டே வந்த மாதிரி குதித்தாள். யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் வாங்கிய நீலப்பூக் கோப்பை அவளுடையது.

அந்தக் கடையில்தான், 2007-ல், தான் உண்டாகியிருப்பதைக் கூட வேலை பார்த்த யாமினியின் காதில் சொன்னாள். "ஆபீஸ்ல யாருக்கும் தெரிய வேணாம் யாமினி. டீம் லீட் ப்ரமோஷன் முடியட்டும்."

திங்கட்கிழமை மேனேஜருக்குத் தெரிந்திருந்தது. லீட் பதவி யாமினிக்குப் போனது. வேறு கம்பெனியில் பெரிய வேலையே கிடைத்த பிறகும் ஆஸிபாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதுகூட யாமினியை நினைத்துக் கறுவிக்கொண்டிருந்தாள்.

2008 முடியப்போகும் நேரம். யாமினிக்கு வேலை போய்விட்டது, விசா வேறு கழுத்தை நெரித்தது. ஆஸிபாவின் டீமில் ஓர் ஓப்பனிங் என்று கேள்விப்பட்டுப் போன் பண்ணினாள்.

"சனிக்கிழமை நகாமுரா கடைக்கு வா, பேசலாம்" என்றாள் ஆஸிபா, தேன் ஒழுக. அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள் எடுத்தாயிற்று என்பதை மட்டும் சொல்லவில்லை. பழைய ஆபீஸ் ஆட்கள் சனிக்கிழமைதான் அங்கே வருவார்கள் என்பதையும் சொல்லவில்லை.

மூலை மேஜையில் அந்தப் பழைய ஆபீஸ் ஆட்கள் இருந்தார்கள். யாமினி குனிந்து கிசுகிசுத்தாள். "ஆஸி, என்னை லே ஆஃப் பண்ணிட்டாங்க."

"என்னது? கேக்கல."

"வேலை போயிடுச்சு."

ஆஸிபா காதோரம் கையைக் குவித்தாள். "சத்தமாச் சொல்லு யாமினி. குழந்தை பொறந்ததுலேர்ந்து காது கொஞ்சம் மந்தம்."

"எனக்கு வேலை இல்ல! விசாவும் போகப்போகுது! போதுமா?"

கடையே திரும்பியது. மூலை மேஜையும்தான்.

"அடடா" என்றாள் ஆஸிபா, குரலைத் தாழ்த்தி. "அந்த ஓப்பனிங் முடிஞ்சுபோச்சே."

யாமினிக்குக் கண் நிறைந்தது. "தெரிஞ்சேதானே வரச் சொன்னே?"

"நீயும் தெரிஞ்சேதானே மேனேஜர்கிட்ட சொன்னே?"

யாமினி காபியைத் தொடாமல் எழுந்து போனாள். ஆஸிபாவுக்கு வயிறு குளிர்ந்தது. தன் காபியைச் சொட்டு விடாமல் ரசித்துக் குடித்தாள். இத்தனை ருசியாக அது என்றைக்குமே இருந்ததில்லை.

நகாமுரா வந்து நீலப்பூக் கோப்பையை எடுத்துப் போனார். கழுவினார், துடைத்தார். அலமாரியில் வைக்கவில்லை. ஜப்பானியச் செய்தித்தாளில் பொதிந்து, பில்லோடு அவள் முன் வைத்துவிட்டு, வழக்கத்தைவிடத் தாழக் குனிந்தார்.

"சத்தம் போட்டது அவள்" என்றாள் ஆஸிபா ஆங்கிலத்தில், பதறிப்போய்.

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கண் இருந்தது.

"அந்தப் பெண் முதலில் மெதுவாகத்தான் பேசினார்" என்றார் நகாமுரா. திரும்பிப் போய், மற்றக் கோப்பைகளை நகர்த்தி அந்த இடைவெளியை மூடினார்.

காரில் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆஸிபா அழுதாள். யாமினிக்காக இல்லை. இன்னொரு தடவை வாய்த்தாலும் அவளை இதே மாதிரிதான் கதறவைப்பாள். வேறு ஏதாவது கடையில் வைத்துச் செய்திருக்கலாமே என்றுதான் அழுதாள்.