கீழ்க்கணக்குத் துறைமுகம்

பொருளாதார நெருக்கடி தணிந்த மறுவருஷம் கார்த்திகை மாதத்தில், கொட்டகலைக்கு மேலே இருக்கும் கல்லூத்துத் தோட்டத்துக்குக் கடல் வந்தது. அந்தத் தோட்டத்துக்கு இரண்டு பிரிவுகள்; பிரிவைக் கணக்கு என்று சொல்வது அங்கே வழக்கம். கீழ்க்கணக்கு இந்த மலையில், மேக்கணக்கு எதிர்மலையில், நடுவில் ஓர் ஓடையும் மரப்பாலமும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனவர்கள் ஓடை கிடந்த பள்ளம் முழுக்க அலை அடிப்பதைப் பார்த்தார்கள். வாயில் விட்டுப் பார்த்தால் உப்புக் கரித்தது. மூழ்கிய தேயிலையைத் தோட்டத்தை நடத்தும் துரை நட்டத்தில் எழுதிக்கொண்டு, மிச்சத்தில் கொழுந்தெடுக்கச் சொன்னார். கொட்டகலைக் கடைத்தெருவில் கருவாட்டு விலை இறங்கியது. அடுத்த வாரம் கப்பல்களும் வந்துவிட்டன. நாலாயிரம் அடி உயரத்துக்கு அவை எந்த வழியாக ஏறின என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. மூடுபனியோடு வந்தன, பனி விலகியபோது நின்றுகொண்டிருந்தன.

கீழ்க்கணக்கில் கொழுந்தெடுக்கும் யோகேஸ்வரிக்குக் கப்பலைப் பற்றி ஒன்றுமில்லை, தண்ணீருக்குள் போன பாலத்தைப் பற்றித்தான் கவலை. ஒரே மகள் பிரேமினியை ஆவணியில் மேக்கணக்கில் கட்டிக்கொடுத்திருந்தாள். கடல் வந்தபோது பிரேமினி முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், ஏழாம் மாதம் தாய் நேரில் போய், வளையல் போட்டு, கையோடு கூட்டி வரவேண்டும். மேக்கணக்குக்கு வேறு பாதை கிடையாது, மற்ற மூன்று பக்கமும் செங்குத்துக் காடு. போதாததற்கு, கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை முதல் பந்தியில் உட்காரவைக்கவில்லை என்று சம்பந்தி அம்மாக்கண்ணு கைகழுவாமல் எழுந்து போனவள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

முதலில் வந்த ஒரு வெளிநாட்டுக் கப்பல் மேக்கணக்கு ஓரமாக நங்கூரம் போட்டது. அதைக் கேள்விப்பட்டதும், அந்த நாட்டோடு எப்போதும் போட்டியில் இருக்கும் பெரிய வல்லரசு ஒன்று தன் கப்பலை அனுப்பியது. அதிலிருந்து இறங்கிய அதிகாரி பொறுமைசாலி, மழைக்கோட்டைக் கழற்றாதவர். தமக்கு இந்தப் பக்கத்தில் ஒரு நட்பு வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சொன்னார். சுற்றுவட்டாரத் தோட்டங்களெல்லாம், கடல் வராத தோட்டங்கள்கூட, விண்ணப்பம் போட்டன. அக்கம்பக்கத்தோடு ஒற்றுமையாக இருக்கிறோம் என்று எழுதியவர்களை அவர் முதலிலேயே கழித்துவிட்டார். கீழ்க்கணக்குக்காரர்களை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் கூட்டி வைத்துப் பேசினார். தோட்டத் தலைவர் வீரய்யா தண்ணீரின் ஆழத்தையும் ஜனங்களின் நேர்மையையும் எடுத்துச் சொன்னார். அதிகாரியின் பேனா அசையவில்லை. எதிர்க்கரை ஆட்கள் எப்படி என்று அவர் கேட்டபோது, பின்னாலிருந்து யோகேஸ்வரி எழுந்தாள்.

“அந்த ஆளுகளா? எல போடக் கொஞ்சம் சுணங்கிருச்சுன்னு கல்யாண வீட்டுல எந்திரிச்சுப் போனவுங்க. அவுங்க மொகத்துல முழிக்கிறதே இல்லங்க நாங்க.”

அதை மட்டும் இரண்டு தடவை மொழிபெயர்க்கச் சொல்லி அதிகாரி குறித்துக்கொண்டார். அன்று பொழுது சாய்வதற்குள் கீழ்க்கணக்கு அந்த வல்லரசின் நட்பு நாடாகிவிட்டது. மாசி பிறப்பதற்குள் துறைமுகம் கட்டினார்கள், விளக்கு நட்டார்கள், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் தண்ணீர்க் குழாய் இழுத்தார்கள். ஊற்றிலிருந்து குடம் சுமந்து சுமந்து உச்சந்தலை வழுக்கையான பெண்கள் வாசலிலேயே குடம் நிரப்பினார்கள். பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று: எதிர்க்கரைக்கு யாரும் போகக்கூடாது, அங்கிருந்து யாரும் வரக்கூடாது. மேக்கணக்கிலும் மற்ற நாடு அதே குழாயை இழுத்து அதே நிபந்தனையைப் போட்டது.

பங்குனியில் ஏழாம் மாதம் பிறந்தது. நீ வந்து கூப்பிடாமல் நான் எப்படி வருவேன் என்று பிரேமினி கைபேசியில் அழுதாள். யோகேஸ்வரி கப்பலுக்கே போய் அனுமதி கேட்டாள். அதிகாரி அவளை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். உங்கள் துறைமுகம் ஆழமானது என்பதற்காக நாங்கள் உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். நல்லவர்களையும் தேடுவதில்லை, வேண்டியவர்களையும் தேடுவதில்லை. எங்களுக்கு ஆகாதவன் எங்கே காலூன்றியிருக்கிறானோ, அதற்கு எதிரில் இருந்துகொண்டு அந்தப் பக்கத்தோடு சேரவே மாட்டேன் என்கிறவர்களைத்தான் தேடுகிறோம். அந்தப் பகை போய்விட்டால் இங்கே எங்களுக்கு வேலை இல்லை, குழாய்க்கும் வேலை இல்லை.

“சண்ட சண்டதாங்க. அதுக்காகப் பெத்தவ போயிப் புள்ளயக் கூட்டியாராம இருப்பாளா?” என்றாள் யோகேஸ்வரி.

அன்று சொன்னது, இப்போது சொல்வது, இந்த இரண்டில் எது உண்மை என்று அதிகாரி கேட்டார். இரண்டும்தான் என்றாள். மொழிபெயர்ப்பாளருக்கு அது பிடிபடவில்லை.

விஷயம் லயத்துக்கு வந்தபோது பாதிப்பேர் அவளோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. வீரய்யா வீட்டுக்கே வந்துவிட்டார். “நீ ஒருத்தி போனா மொத்தக் கணக்குக்கும் தண்ணி நின்னுரும் தங்கச்சி.”

“ஊத்துலருந்து ஒங்க வீட்டுக்கும் சேத்து நான் தூக்கியாறேண்ணே. எம் மகள நீங்க தூக்கியாறீங்களா?”

அவர் எழுந்து போனார். மறுநாள் விடிந்ததும் மூங்கிலும் லாறி டியூப்பும் வைத்துக் கட்டிய தெப்பத்தோடு கரையில் நின்றவரும் அவர்தான். வழிநெடுக அவளை ஏசிக்கொண்டே துடுப்புப் போட்டார். யோகேஸ்வரி தட்டுகளை அணைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். வளையல், மஞ்சள், புளிச்சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு. கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணியால் சோற்றில் உப்புத்தண்ணீர் தெறிக்காமல் மூடிக்கொண்டாள். இரண்டு கப்பல்களும் ஒலிபெருக்கியில் இரண்டு மொழியில் எச்சரித்தன, பீரங்கிகள் தெப்பத்தின் பக்கம் திரும்பின. அவளுக்கு அலையில் இரண்டு தடவை வாந்தி வந்தது. திரும்பிவிடலாமா என்று வீரய்யா கேட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு, நேராக விடுங்கள் என்றாள்.

மேக்கணக்குக் கரையில் அம்மாக்கண்ணு இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

“வாசப்படிய மிதிக்க இத்தன மாசமா சம்பந்தி?”

“ஒங்களுக்கு மட்டும் தெப்பம் கட்டத் தெரியாதா சம்பந்தி?”

தட்டைத் திறந்து பார்த்து, வளையல் மெல்லிசு என்றாள் அம்மாக்கண்ணு. பிள்ளையின் கை மெல்லிசு, நீங்கள் போட்ட சோறு அப்படி என்றாள் யோகேஸ்வரி. அந்தப் பேச்சு ஓயாமலே பிரேமினிக்கு இரண்டு கையிலும் வளையல் ஏறியது. பிறகு லயத்து வாசலில் பாய் விரித்து, யோகேஸ்வரியை முன்னால் உட்காரவைத்து, தானே இலை போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி அம்மாக்கண்ணு சொன்னாள்: “எங்க வீட்டுல சம்பந்திக்கு மொதப் பந்திதான்.”

யோகேஸ்வரி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. எழுந்திருக்கும்போது, உப்புக் கொஞ்சம் கூட என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு கப்பல்களிலிருந்தும் தொலைநோக்கியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த நாளிலிருந்து ஒன்றிலும் ஒத்துப்போகாத இரண்டு நாடுகளும், கல்லூத்து நட்புக்கு லாயக்கில்லாத இடம் என்பதில் ஒத்துப்போயின. பெண் கொடுத்து எடுக்காத பகையாகப் பார்த்துத் தேடிக்கொண்டு பனியோடு போய்விட்டன. போகும்போது துறைமுகத்தையும் விளக்குகளையும் கடைசிக் குழாய் வரைக்கும் பெயர்த்தெடுத்துக்கொண்டன. கீழ்க்கணக்குப் பெண்கள் மறுபடி ஊற்றுக்கு நடந்தார்கள். நடக்கும்போதெல்லாம் யோகேஸ்வரியைத் திட்டினார்கள். அவள் வீரய்யா வீட்டுக் குடத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு கேட்டுக்கொண்டாள். பிரேமினிக்குத் தாய்வீட்டில் பெண்பிள்ளை பிறந்தது. அம்மாக்கண்ணு வந்து தங்கி, மருந்துச் சோற்றில் பூண்டு போதாது என்று ஒவ்வொரு வேளையும் சொன்னாள்.

கடல் போகவில்லை. பெரட்டுக்கு முன்னால் ஒரு தடவையும் கொழுந்து எடைபோட்ட பிறகு ஒரு தடவையும் தெப்பம் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய் வருகிறது. அலை பெரிதாக இருக்கிற காலையில் சுணங்கி வருகிறவர்களுக்கு அரைச் சம்பளம் போடக்கூடாது என்று துரையிடம் நின்று பேசி வாங்கியது யோகேஸ்வரியும் அம்மாக்கண்ணும்தான்.