தொலைந்தது என்று சொல்லக்கூடாது

கூரியர் ஆபீசில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்ததும் ரேடியோவுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான்: பார்சல் தொலைந்துவிட்டது என்று மட்டும் வாடிக்கையாளரிடம் வாய்தவறிக்கூடச் சொல்லக்கூடாது. அதைத் தவிர என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் இங்கிலீஷில் சொல்லவேண்டும். முதல்முறை போன் செய்தால் 'அன்கிளியர்', நிலவரம் தெளிவாகத் தெரியவில்லை. ஆள் விடாமல் மறுபடி கூப்பிட்டால் 'அன்கன்ஃபர்ம்ட்', தகவல் வந்திருக்கிறது, உறுதியாகவில்லை. அதற்கும் அடங்காமல் கத்தினால் 'இன்கன்க்ளூசிவ்', விசாரித்தோம், ஒரு முடிவுக்கும் வரமுடியவில்லை. இந்த மூன்றாவது வார்த்தைக்கு வரும்போது பார்சல் போன இடத்தில் புல் முளைத்துவிட்டது என்று ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். வழவழா கொழகொழாவென்று பேசுவதற்கு ஒரு நாற்காலி, காதில் மாட்ட ஒரு ஹெட்போன், மாதம் பிறந்தால் சம்பளம். என்ன பிழைப்போ!

ரேடியோ என்பது அவளுடைய அண்ணன் வைத்த பெயர். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வாய் ஓயாதவளை வேறு என்னவென்று கூப்பிடுவது? அண்ணன் சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் ஃபிட்டர். இந்தமுறை அவன் போயிருந்தபோது நடுக்கடலில் புயல் அடித்து அந்தக் கப்பலோடு தொடர்பே அறுந்துபோயிற்று. வீட்டில் மிஞ்சியது ரேடியோவும் அண்ணியும். முன்னறையில் அண்ணியின் தையல் மெஷின், அதைச் சுற்றிப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணி மலைமலையாக.

கப்பல் கம்பெனி ஆபீசர் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வார். அந்த மனுஷனுக்கு இங்கிலீஷைத் தவிர ஒன்றும் வராது. அண்ணிக்கு இங்கிலீஷைத் தவிர எல்லாம் வரும். மணி அடித்ததும் அண்ணி போனை எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்திவைப்பாள். அப்படி வைத்தால் சத்தம் பெரிதாகக் கேட்குமாம். ஆபீசர் டம்ளருக்குள்ளிருந்து பேசுவார், ரேடியோ எதிரில் உட்கார்ந்து தமிழில் சொல்வாள்.

முதல் தடவை அவர் நிறையப் பேசினார். நடுவில் அந்த வார்த்தை வந்தது. அன்கிளியர்.

"என்னடி சொல்றான்?"

"தெளிவா ஒண்ணும் தெரியலையாம் அண்ணி."

"போயிட்டாருன்னு சொல்லலையே?"

"இல்ல."

"அப்புறம் என்ன? தெரியலைன்னா தேடிக்கிட்டு இருக்கான்னுதானே அர்த்தம்!" என்று அண்ணி எழுந்துபோய் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். அந்த வார்த்தையை ரேடியோ அன்று காலையில்தான் ஆபீசில் நாலைந்து பேரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அண்ணிக்கோ அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. குழாயில் தண்ணீர் வருமா என்று மாடிவீட்டுக்காரி கேட்டால் "அன்கிளியர்!" என்பாள். யூனிஃபார்ம் எப்போது கிடைக்கும் என்று யாராவது வந்து நின்றாலும் "அன்கிளியர்!" சொல்லிவிட்டுத் தானே சிரிப்பாள். சிரிப்பவளைப் பார்த்து ரேடியோவும் சிரிக்கவேண்டியிருந்தது. கொடுமை.

அடுத்து ஒரு வாரம், ஆளில்லாத உயிர்காப்புப் படகு ஒன்றைப் பார்த்ததாக யாரோ சொன்னார்களாம். அன்கன்ஃபர்ம்ட்.

"போன தடவை சொன்னதைவிட நீளமா இருக்கே, நல்லதுதானே?" என்றாள் அண்ணி.

"ம்."

"என்னடி ம்? ஊரையே காதடைக்க வைப்ப, வீட்டுல மட்டும் ம்மா?"

அந்த ஆபீசரும் தன்னைப்போல ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எவனோ சொல்லிக்கொடுத்த வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறான் என்று ரேடியோவுக்குப் பட்டுவிட்டது. அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அது வரக்கூடாது என்று வேண்டாத நேரமில்லை.

வந்தது. கரையில் 'ரிமெய்ன்ஸ்' கிடைத்திருக்கிறது என்றார் ஆபீசர். ஒரு மனுஷனில் மிச்சம் இருப்பது என்று அர்த்தம். பரிசோதனை செய்தார்களாம், இதுவரை இன்கன்க்ளூசிவ்.

"சொல்லுடி."

ரேடியோ மென்று விழுங்கினாள். கூடப்பிறந்தவன் அல்லவா, அவளுக்கு மட்டும் வலிக்காதா? "விசாரிச்சாங்களாம் அண்ணி. இன்னும் ஒரு முடிவுக்கு வரலையாம்."

"வரட்டும், வரட்டும், மெதுவா வரட்டும்" என்றாள் அண்ணி. அவள் மடியில் அண்ணனுடைய பேன்ட் இருந்தது. கப்பல் சாப்பாட்டில் ஒவ்வொரு தடவையும் ஊதிப்போய்த்தான் வருவான் என்று இடுப்பைப் பிரித்துப் பெரிசாக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆபீசில் ஒரு பெண் போனில் அழுதாள். அப்பாவின் மூக்குக்கண்ணாடியை அனுப்பினாளாம், அவர் இன்னும் தடவிக்கொண்டுதான் நடக்கிறாராம். மூன்றாவது முறையாகக் கூப்பிடுகிறாள். ரேடியோ "இன்கன்..." என்று தொடங்கி, பாதியில் விட்டாள்.

"தொலைஞ்சு போச்சும்மா. இனிமே கிடைக்காது. காத்திருக்காதீங்க, வேற வாங்கிக் கொடுங்க."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேங்க" என்று அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள். மேனேஜர் கூப்பிட்டு வாங்குவாங்கென்று வாங்கினான். அவன் கத்தியது எதுவும் ரேடியோவுக்கு உறைக்கவில்லை. இன்று வீட்டுக்குப் போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட வேண்டும் என்று முடிவுகட்டியிருந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே போன் மணி அடித்தது.

"வாடி, வாடி, உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்!" அண்ணி போனை டம்ளருக்குள் நிறுத்தினாள்.

ஆபீசர் இந்தமுறை வேறுமாதிரி பேசினார். சுற்றிவளைக்கவில்லை. வயதான மனுஷனைப்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"மேடம். யுவர் ஹஸ்பண்ட் இஸ் டெட். ஐ ஆம் வெரி சாரி."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது காற்றோடு போயிற்று. ரேடியோவின் வாய் அதன் பாட்டுக்குப் பழகிய வேலையைச் செய்தது.

"லைன் சரியில்ல அண்ணி. ஏதோ... இன்னும் தெளிவா..."

"ரேடியோ."

அண்ணி கத்தவில்லை. மடியிலிருந்த பேன்ட்டை மடித்து மெஷின்மேல் வைத்தாள். ஒரு கால் மட்டும் மெஷினின் மிதியைத் தானாக அழுத்திக்கொண்டிருந்தது. ஊசியில் துணி இல்லை.

"இத்தனை நாள் அவன் பேசினதுல ஒரு வார்த்தை எனக்குப் புரிஞ்சதில்லடி. நீ சொன்னாத்தான் உண்டு." அவள் குரல் உடைந்தது. "இன்னிக்கு எல்லாம் புரிஞ்சுதே. நீ சொல்லாமலே புரிஞ்சுதே."

"மேடம்? மேடம்?" என்று டம்ளருக்குள்ளிருந்து அந்த மனுஷன் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணி போனை வெளியே எடுத்து ரேடியோவின் கையில் திணித்தாள். "லைன்லதான் இருக்கான். கேளுடி. முன்ன மாதிரி பேசச் சொல்லு. எனக்குப் புரியாத மாதிரி ஏதாவது சொல்லச் சொல்லுடி."

ரேடியோ போனைக் காதில் வைத்தாள்.